இரவில் கூச்சலும் பகலில் நடுக்கமும்

கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடும் வேலையில் உள்ளவன் நோயைப் பற்றி எழுத முன்வருவானேன் என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். இந்த விஷயம் ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்தே எனக்குத் தெரிய வந்தது என்பதுதான் அதற்கு விடை.

சென்ற மாசி மாதத்தில், தியாகதுருகம் மலைக்கோட்டையிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு கடன் சங்கத்துக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். நெசவாளரும் உழவரும் கலந்து அங்கத்தினராக உள்ள சங்கம் அது. சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுத்த சீட்டுகளை மாதிரிக் கையொப்ப அட்டைகளோடு ஒப்பிட்டு வருகையில், ஓர் அங்கத்தினரின் கையொப்பம் என் கண்ணை உறுத்தியது. 2009-ஆம் ஆண்டு அட்டையில் அவர் கோடு நிரம்பப் பெரிய எழுத்தில் ஒப்பமிட்டிருந்தார். 2018-இல் அதே பெயர் பாதி அளவுக்குச் சுருங்கியிருந்தது. கடைசிச் சீட்டிலோ முதலெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. மற்ற எழுத்துகள் எறும்பு ஊர்ந்தது போல வரவரச் சிறுத்து, முடிவில் வெறுங்கோடாகிவிட்டிருந்தன. கையொப்பம் பொருந்தவில்லை என்று சங்கத்தில் இரு முறை அவரது சீட்டைத் திருப்பி அனுப்பியும் இருந்தனர். நானும் அதைப் போலிக் கையொப்பம் என்றே எண்ணி, என் குறிப்பில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டுவிட்டு, அந்த அங்கத்தினரை அழைத்துவரச் சொன்னேன்.

மறுநாள் அவர் மனைவியுடன் வந்தார். அறுபத்தாறு வயது, சிறு பிராயத்திலிருந்து குழித்தறியில் உட்கார்ந்தவர். நடக்கும்போது இடது கை வீசிற்று. வலது கை உடம்போடு ஒட்டியபடியே இருந்தது. முகத்தில் மகிழ்ச்சியோ வருத்தமோ தெரியவில்லை. என் முன்னிலையில் ஒப்பமிடச் சொன்னேன். முதலெழுத்து பெரிதாகத் தொடங்கிற்று. பிறகு சுருங்கிச் சுருங்கி அதே எறும்பு வரிசை. எழுதியவர் அவர்தான். குற்றவாளியைப் பிடித்துவிட்டதாக எண்ணியிருந்த எனக்கு மிகவும் வெட்கமாகப் போயிற்று.

எத்தனை நாளாகக் கை இப்படி இருக்கிறது என்று கேட்டேன். விடை கூறியவர் அந்த அம்மாள். "கையெழுத்து சின்னதானது இப்பத்தானுங்க ஐயா. ராத்திரியில கத்தறதும் கையக் கால வீசறதும் பன்னெண்டு வருசமா இருக்குதுங்க. அத யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

பகலில் எறும்புக்கும் தீங்கு நினையாத மனிதர், விடியற்காலையில் திருடனைத் துரத்துவார், நாயை உதைப்பார், வாயில் வராத வசவெல்லாம் வரும். எழுப்பினால் உடனே தெளிந்து, "நாய் கடிக்க வந்தது" என்று கனவை அப்படியே சொல்லுவார். ஒரு முறை அந்த அம்மாளின் கண்ணருகே அடி விழுந்தது. நிலைப்படியில் இடித்துக்கொண்டதாக அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, அன்று முதல் அவர் திண்ணையில் படுத்துக்கொண்டார். காற்றுக் கருப்பாக இருக்கலாம் என்று தாயத்தும் கட்டினார்கள். வைத்தியரிடம் செல்ல வேண்டிய விஷயம் இது என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்களுக்கும் தெரியாது. நான் விலங்கியல் பட்டதாரி, நரம்பு மண்டலத்தைப் பற்றித் தேர்வு எழுதித் தேறியவன், எனக்கே தெரியாது. அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற பின்னர், அங்கே டாக்டர் விளக்கியதைக் கேட்டும், அதன் பிறகு தேடிப் படித்தும் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

உறக்கம் என்பது விளக்கை அணைத்தாற்போல ஒரே நிலையன்று. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக அது மாறி மாறி வருகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூடிய இமைக்குள் கண்விழிகள் வேகமாக அசையும் ஒரு பகுதி உண்டு. இதனை 1953-ஆம் ஆண்டில் சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் கண்டு வெளியிட்டனர். நம் தெளிவான கனவுகளிற் பெரும்பாலானவை அப்பொழுது நிகழ்வதால் அதைக் கனவுறக்கம் என்று இங்குக் குறிப்பிடுவோம். முன்னிரவில் அது சில நிமிஷங்களே இருக்கும். விடியலை நெருங்க நெருங்க நீளும். அந்த அம்மாள் "விடிகாலையில்தான்" என்று சொன்னதன் காரணம் இதுவே.

கனவுறக்கத்தில் மூளை ஏறக்குறைய விழிப்பில் இருப்பது போலவே வேலை செய்கிறது. ஓடுகிறோம், சண்டையிடுகிறோம், மரம் ஏறுகிறோம். ஆனால் உடம்பு அசைவதில்லை. கிணற்றடியில் ஆயில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் பெல்ட்டைக் கழற்றிவிட்டால் பம்பு சுழலாதல்லவா? அதுபோலவே, மூளையின் அடித்தண்டில் உள்ள சில நரம்பணுக்கள் கனவு வேளையில் கைகால்களுக்குச் செல்லும் கட்டளையைத் துண்டித்து வைக்கின்றன. மூச்சுவிடும் தசையும் கண் தசைகளும் மட்டுமே இதற்கு விலக்கு. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே என்ற ஆராய்ச்சியாளர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பூனைகளின் அடித்தண்டில் அந்தச் சிறு பகுதியை மட்டும் சிதைத்துப் பார்த்தார். அப்பூனைகள் உறங்கிக்கொண்டே எழுந்து, இல்லாத இரையின்மீது பாய்ந்தன. பெல்ட் கழலாமல் இஞ்சின் ஓடினால் நிகழ்வது இது.

மனிதரிடத்திலும் இதுவே நிகழக்கூடும் என்பது 1986-இல் தெரிய வந்தது. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து வைத்தியர்களான கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் ஆகியோர் ஐந்து நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டு, இது தனியொரு நோய் என்று நிறுவினர். அவர்கள் கண்ட ஒருவர் கனவில் காற்பந்தாட்டக்காரராக எதிராளியை முட்டித் தள்ளினார். விழித்தபோது தம் படுக்கையறை அலமாரியில் மோதியிருந்தார். நம்மூர் அங்கத்தினர் நாயை உதைத்தார். அமெரிக்கர் பந்தாட்டத்தில் முட்டினார். நோய் ஒன்றே.

அதன் பின் நடந்ததுதான் இக்கட்டுரைக்குக் காரணம். அவ்வைத்தியர்கள் தங்களிடம் வந்த, வேறு நரம்பு நோய் ஏதுமில்லாத, ஐம்பது வயதைக் கடந்த 29 ஆண்களை ஆண்டுதோறும் பார்த்து வந்தனர். 1996-இல் எண்ணிப் பார்த்தபோது அவர்களில் 11 பேருக்கு நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோயும் அதன் இனத்தைச் சேர்ந்தவையும், வந்துவிட்டிருந்தது. 2013-இல், தொடர்ந்து பார்க்க முடிந்த 26 பேரில் 21 பேருக்கு அந்நோயோ, அதனோடு சேர்ந்த அறிவுத்தேய்வோ ஏற்பட்டிருந்தது. இரவுக் கூச்சல் தொடங்கியதற்கும் பகல் நோய் தெரிந்ததற்கும் இடையே சராசரியாகப் பதினான்கு ஆண்டுகள்! ஒரே ஊரின் கணக்கு என்று இதைத் தள்ளிவிட இயலாது. 2019-இல் பல நாடுகளைச் சேர்ந்த 24 மருத்துவ நிலையங்கள் 1280 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகத் திரட்டின. ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு பேர் வீதம் நோய்ப்பட்டு, பன்னிரண்டாண்டு முடிவில் நூற்றுக்கு 73 பேர் வரை அந்நிலையை அடைவர் என்று அவர்கள் கணக்கிட்டனர்.

நடுக்குவாதத்தை லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-லேயே விவரித்து எழுதினார். நோயாளியின் உறக்கம் கெடுவதையும் அவர் கவனித்தார். ஆனால் நோய் முற்றியபின் நேர்வதாகவே அதைச் சொன்னார். உறக்கம் முந்திக்கொள்கிறது என்பதை உலகம் அறிய மேலும் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மனைவிமாரை யாராவது முன்னரே கேட்டிருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்காது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

உறக்கம் முந்திக்கொள்வது எதனால்? நோயின் மூலம் ஆல்பா சைநியூக்ளின் என்ற ஒரு புரதம். அது நரம்பணுக்களுக்குள் சிக்குப் பிடித்த நூல்போலத் திரண்டு அவற்றைக் கொல்கிறது. இத்திரட்சிகளை 1912-இல் ஜெர்மனியில் லூயி என்ற வைத்தியர் முதலிற் கண்டார். 2003-இல் அதே நாட்டின் பிராக் என்பவர், இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து, அத்திரட்சி பெரும்பாலும் மூளையின் அடித்தண்டில் தொடங்கிப் படிப்படியாக மேலேறுகிறது என்று விளக்கினார். கனவுக் காவல் இருப்பது அடித்தண்டில். உடலசைவை ஒழுங்குபடுத்தும் டோபமின் அணுக்கள் அதற்குச் சற்று மேலே. கீழ்த்தட்டில் கெடும்போது இரவில் கூச்சல்; மேல்தட்டை அடையும்போது பகலில் நடுக்கமும் விறைப்பும் சிறுத்த கையெழுத்தும். கை நடுங்கி வைத்தியரிடம் செல்லும் நாளில் அந்த டோபமின் அணுக்களில் ஏறக்குறைய பாதியோ அதற்கும் மேலோ அழிந்துபோயிருக்கும் என்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றிரவே கலங்க வேண்டாம். உறக்கத்தில் உளறுபவர் எல்லோரும், குறட்டை விடுபவர் எல்லோரும் இந்நோயாளிகள் அல்லர். குழந்தைகளும் வாலிபர்களும் முன்னிரவில் எழுந்து நடப்பதும் அலறுவதும் வேறு வகை. எழுப்பினால் மிரள மிரள விழிப்பார்கள், காலையில் ஒன்றும் நினைவிராது. அது பெரும்பாலும் வயதேற நின்றுவிடும். நாம் சொல்லும் நோய் ஐம்பதைக் கடந்தவர்க்கு, பின்னிரவில், கனவுக்கு ஒத்த செய்கையோடு, மீண்டும் மீண்டும் வருவது. வலிப்பு நோயும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயும் இதுபோலத் தோற்றமளிக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் இது உண்டாகும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடலாகாது, கொடுத்த டாக்டரிடம் சொல்ல வேண்டும். எது எது என்று உறுதியாகச் சொல்ல, இரவு முழுவதும் தலையிலும் தாடையிலும் கால்களிலும் கம்பிகளைப் பொருத்திப் பதிவு செய்யும் உறக்கப் பரிசோதனை ஒன்றுண்டு. வெறும் கேள்விகளால் ஐயப்படலாம், முடிவு கட்டலாகாது. மேலே கூறிய நூற்றுக்கு 73 என்ற கணக்கும் நோய் உறுதியானவர்களைப் பற்றியதே.

கூடவே கவனிக்க வேண்டியவை சில உண்டு: தாளிதத்தின் வாசனையும் வெங்காயத்தின் நெடியும் தெரியாமற்போவது, ஆண்டுக்கணக்கான மலச்சிக்கல், எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவது, காரணமில்லாத சோர்வு. இவை தனித்தனியே சாதாரணமானவை. இரவுக் கூச்சலோடு சேர்ந்தால் பொருளுடையவை. நெசவாளர்களிடம், நாடாவை இழுக்கும் கை சோர்வதும், மிதியில் கால் தாளம் தவறுவதும் வயதின் குற்றமென்றே கருதப்பட்டுவிடுகின்றன. நான் கண்ட அங்கத்தினரும் மூன்று ஆண்டுகளாகச் சேலைக்கு இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டு, கூலி குறைவதைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டிருக்கிறார்.

உழவர்களுக்கு இதில் தனியாக ஒரு செய்தி இருக்கிறது. 2012-இல் பல நாட்டு வைத்தியர்கள் இந்த உறக்க நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், நோயுள்ளவர்களிடையே பயிர்த்தொழில் செய்தவர்களும், பூச்சிமருந்துடன் பழகியவர்களும், புகைபிடித்தவர்களும், தலையில் அடிபட்டவர்களும் கூடுதலாகக் காணப்பட்டனர். அதற்கு முந்திய ஆண்டில், அமெரிக்க விவசாயிகளைப் பற்றிய ஆராய்ச்சியில், பாராகுவாட் என்னும் களைக்கொல்லியையோ ரோடினோன் என்னும் பூச்சிமருந்தையோ உபயோகித்தவர்களிடையே நடுக்குவாதம் சுமார் இரண்டரை மடங்கு காணப்பட்டது. இவை சேர்ந்திருப்பதைக் காட்டுகின்றனவே அன்றி, இதனால்தான் வந்தது என்று ஒவ்வொருவர் விஷயத்திலும் நிரூபிப்பன அல்ல. ஆயினும் மரவள்ளிக்கும் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் வெறுங்கையோடு மருந்து கலக்கி, துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு அடித்துவிட்டு, அதே சட்டையோடு சோற்றுக்கு உட்காரும் வழக்கத்தை நான் நாள்தோறும் பார்க்கிறேன். மருந்து விற்கும் சங்கங்கள் கையுறையும் முகமூடியும் விற்பனைக்கு வைப்பதில்லை. மருந்து இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்கும் நான் அதைக் கேட்டதுமில்லை. இனிக் கேட்பேன்.

நடுக்குவாதத்துக்கு இன்றும் தலையாய மருந்து லெவோடோபா. மூளையில் குறைந்துபோன டோபமினாக இது மாறி அசைவைத் திரும்பக் கொடுக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் மேல்நாட்டார் இதனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் புகழ்பெற்றனர். ஆனால் அதற்கு முப்பதாண்டுகள் முன்னதாக, 1937-இல், சென்னைச் சேப்பாக்கத்தில் சர்வகலாசாலையின் உயிர்வேதியியல் சாலையில் தாமோதரன், இராமஸ்வாமி என்ற இருவர் அதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து வெளியிட்டிருந்தார்கள். நம் வேலிகளிலும் கல்வராயன் மலைச்சாரல்களிலும் படர்ந்து, தொட்டவர் தோலைத் தினவெடுக்கச் செய்யும் அதே பூனைக்காலிதான். அது நோய்க்கு மருந்தாகும் என்று அன்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. டோபமினின் வேலையே 1957-க்குப் பிறகுதான் துலங்கிற்று. எனினும் இச்செய்தியை நம் பள்ளிப் புத்தகம் எதிலும் நான் படிக்கவில்லை. ஒரு எச்சரிக்கை: பூனைக்காலி விதையைப் பறித்துப் பொடித்து உண்ணலாம் என்று எவரும் தொடங்கிவிடலாகாது. விதைக்கு விதை சத்தின் அளவு மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிஞ்சி வாந்தியும் மனக்குழப்பமும் தானே ஆடும் அசைவுகளும் நேரும்.

இரவுக் கூச்சலின்போதே லெவோடோபாவைத் தொடங்கினால் நோய் வராமல் தடுக்கலாமா என்றால், இயலாது. நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. பின் முன்கூட்டி அறிந்து என்ன பயன், மனக்கவலைதானே மிச்சம் என்று அந்த அங்கத்தினரின் மகன் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. அறிய விரும்பாதவரை வற்புறுத்துவது தகாது என்பதே என் எண்ணம். ஆனால் பயன் இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

முதலாவது, இரவுக் கூச்சலுக்கே சிகிச்சை உண்டு. மெலடோனின், குளோனசெபாம் ஆகிய மருந்துகளில் பொருத்தமானதை டாக்டர் தருவார். பலருக்கு உதையும் அடியும் வெகுவாகக் குறைகின்றன. மருந்தைக் காட்டிலும் முந்தியது படுக்கை. கட்டிலை விட்டுத் தரையில் மெத்தையோ பாயோ விரித்து, பக்கத்தில் அம்மி, அரிவாள்மணை, தறிச் சாமான், கண்ணாடி எதுவும் இல்லாமல் அகற்றிவிட வேண்டும். துணைவர் சில காலம் சற்றுத் தள்ளிப் படுப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, இவர்களில் ஒரு பகுதியினர்க்கு அறிவுத்தேய்வு வரும்போது, இல்லாத ஆட்கள் இருப்பதாகக் கண்ணில் தெரியும். அதைப் பைத்தியமென்று கருதி ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால் உடம்பு விறைத்து, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். இரவுக் கூச்சலின் வரலாறு ஏட்டில் எழுதப்பட்டிருந்தால் டாக்டர் அம்மருந்தைத் தவிர்ப்பார். அந்த ஒரு வரி உயிரைக் காக்கக்கூடியது.

மூன்றாவது, நடப்பது, வேலை செய்வது, உடம்பை அசைப்பது நோயாளிகளின் நடையையும் பலத்தையும் நன்கு காக்கின்றன. தறியை விட்டவரும் பாவு விரிக்கும் இடத்தில் நடமாடலாம்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது துணைவியும் உடன் செல்ல வேண்டும். உறங்குபவருக்குத் தாம் செய்தது தெரியாது, சாட்சி அவர்தான். இரண்டு வாரம், எந்த இரவில், எத்தனை மணிக்கு, என்ன செய்தார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பெரிய உதவி. கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினால் இன்னும் நல்லது. கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. முதலில் அங்கே காட்டலாம். மேற்கொண்டு நரம்பியல் வைத்தியரைப் பார்க்க நேர்ந்தால் சேலமோ புதுச்சேரி ஜிப்மரோ நமக்கு எட்டாத தூரமன்று.

இனி என் துறைக்கு உரியது. கையெழுத்துச் சிறுத்துவிட்ட அங்கத்தினரின் சீட்டைத் திருப்பி அனுப்பும் முன் செயலாளர்கள் அவரை நேரில் ஒரு முறை பார்க்க வேண்டும். அவர் தம் புகைப்படத்துடன் புதிய மாதிரிக் கையொப்பம் கொடுக்கலாம். எழுத இயலாத நிலையில் இரு சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகை வைக்கலாம். கடன் பாக்கி, பங்குத்தொகை, நிலப்பத்திரம் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதை வீட்டில் இன்னொருவர் அறிந்திருப்பது, அறிவு தெளிவாக உள்ள காலத்திலேயே நடக்க வேண்டிய காரியம். நான் குறிப்பிட்ட அங்கத்தினர் மாத்திரை தொடங்கி நான்கு மாதமாகிறது. கை சற்று இளகி, கையொப்பம் 2018-ஆம் ஆண்டு அளவுக்கு வந்திருக்கிறது. அந்த அம்மாள் திண்ணையிலிருந்து உள்ளே வந்துவிட்டார். இடையே ஒரு தலையணைச் சுவர் மட்டும் உண்டாம். இருவருமாகச் சங்கத்துக்கு வந்து, பதினாறு ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்த வாரிசு நியமனப் பத்தியில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். அதே பத்தி காலியாக உள்ள அட்டைகள் அந்த ஒரு சங்கத்திலேயே கட்டுக்கட்டாக இருக்கின்றன. படிவம் செயலாளரிடம் கிடைக்கும்.